சங்க வண்டியும் அதன் மின்சாரக் கணக்கும்

நமது கூட்டுறவுச் சங்கங்களில் பல இன்று சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கின்றன. விடியுமுன் காய்கறியைச் சந்தைக்குச் சேர்ப்பதும், நூல் மூட்டைகளைக் கொண்டுவருவதும், நெய்த சேலைகளையும் வேட்டிகளையும் விற்பனை நிலையத்திற்கு அனுப்புவதும் அவ்வண்டிகளைக் கொண்டே நடைபெறுகின்றன. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய விலையும் அன்றைய கூலியும் கைவிட்டுப் போகின்றன. ஆகவே, வண்டியின் செலவுக் கணக்கைப் பார்வையிடுவது நம்மைப் போன்ற இன்ஸ்பெக்டர்களுக்குப் புதிய வேலையன்று. எனினும், அவ்வாறு பார்வையிட்டபொழுது ஒரு சங்கத்தில் நாம் கண்ட விஷயம் அங்கத்தினர்கள் யாவரும் அறியத்தக்கது என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

அது காய்கறி பயிரிடுவோரின் விற்பனைச் சங்கம். பெயரைக் குறிப்பிடுவது அவசியமில்லை. பதினான்கு மாதங்களில் அதன் வண்டிக்கு இரண்டு புதிய பாட்டரிகள் வாங்கப்பட்டிருந்தன. மூன்றாவது பாட்டரிக்கு அனுமதி கோரும் குறிப்பு நிர்வாகக் குழுவின் முன் இருந்தது. அதே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அடுத்த பொருளாக, புதிய பாட்டரியை விற்றுவிட்டுப் பழையதொன்றைப் பூட்டிவிட்டார் என்னும் சந்தேகத்தின்பேரில் ஓட்டுநரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது பற்றிய தீர்மானமும் இருந்தது. பதினொரு ஆண்டுகள் அச்சங்கத்தில் ஊழியம் செய்தவர் அவர். கூட்டத்திற்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. இரண்டு பொருள்களையும் எடுத்துக்கொள்ளுமுன் வண்டியை முறையாகச் சோதித்துவிடுவது நல்லது என்று நாம் காரியதரிசிக்குச் சொன்னோம். அச்சோதனையில் வெளிப்பட்டது யாது என்பதைக் கூறுமுன், வண்டியின் மின்சார ஏற்பாட்டைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

வரவும் செலவும் இருப்பும்

வண்டியிலுள்ள பாட்டரி மின்சாரத்தை உற்பத்தி செய்வதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தன்னிடம் போட்டதைப் பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுப்பதே அதன் வேலை. சங்கத்தின் ரொக்கப் பெட்டியைப் போன்றது அது. எஞ்சின் ஓடும்பொழுது பெல்ட்டினால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டரே மின்சாரத்தை உண்டாக்குகிறது, அது வரவு. விளக்குகள், துடைப்பான், ஹாரன், எஞ்சினைக் கிளப்பும் செல்ப் மோட்டார் ஆகியவை செலவு. செல்ப் மோட்டார் ஒரே வாய்க்குப் பெருந்தொகை எடுக்கும். எஞ்சின் கிளம்பியபின் ஆல்டர்னேட்டர் அத்தொகையை மீண்டும் கட்டி, மற்றச் செலவுகளையும் தானே ஏற்றுக்கொள்ளவேண்டும். வரவு அளவுக்கு மிஞ்சாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ளும் சாதனம் ரெகுலேட்டர் எனப்படும்.

இருப்புக் குறைந்தால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். பெட்டியே பழுதாகியிருக்கலாம்; வரவு இல்லாமலிருக்கலாம்; வந்த வரவு பெட்டிக்கு வந்து சேராமல் வழியிலேயே போய்விடலாம்; கணக்கில் எழுதாத செலவு இரகசியமாக நடந்துகொண்டிருக்கலாம். பாட்டரியை மாற்றுவது முதற் காரணத்திற்கு மட்டுமே பரிகாரமாகும். ஏனைய மூன்றும் இருக்கும்பொழுது புதிய பாட்டரி வாங்குவது, பணம் ஏன் குறைகிறது என்று பாராமல் புதிய இரும்புப்பெட்டி வாங்குவதை ஒக்கும்.

கண்ணால் காணும் சோதனை

கருவியை எடுப்பதற்கு முன் கண்ணாலும் கையாலும் சோதிக்கவேண்டியவை சில உள. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைப் பாருங்கள். தளர்ந்தோ, வெடித்தோ, எண்ணெய் பட்டோ இருந்தால் அது வழுக்கும். ஆல்டர்னேட்டர் வேண்டிய வேகத்தில் சுழலாது. பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்யவேண்டும். கையால் அசைத்தால் அசையும் முனை, நன்றாக இறுக்கப்படாத முனையே. எஞ்சினுக்கும் வண்டியின் சட்டத்திற்கும் இடையேயுள்ள எர்த் கம்பி அறுந்தோ துருப்பிடித்தோ இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

அடுத்து, சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்துங்கள். பாட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியவேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணையவேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் அவ்விளக்கோ அதன் கம்பியோ பழுது. சில வண்டிகளில் அவ்விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் செல்கிறது. ஆதலின் அச்சிறு விளக்குப் பியூஸ் போனாலும் சார்ஜ் ஏறாமற் போகலாம். ஓடும்பொழுது அவ்விளக்கு எரிந்தால் வண்டியை உடனே ஓரமாக நிறுத்திப் பெல்ட்டைப் பார்க்கவேண்டும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தபின்னும் ஓட்டிச் சென்றால், பாட்டரிச் செலவு எஞ்சின் செலவாக முடியும்.

அளந்து பார்க்கும் முறை

இதற்கு வேண்டிய கருவி மல்டிமீட்டர் ஒன்றே. அதன் விலை ஒரு பாட்டரியின் விலையில் சிறு பங்குதான். சங்கத்தில் ஒன்று இருப்பது நலம். கீழ்க்காணும் அளவுகள் 12 வோல்ட் வண்டிக்கு உரியவை. இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரிகளில் பாட்டரி, சார்ஜ் ஆகிய அளவுகளை இரட்டித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வண்டி ஓடாமல் இரவு முழுதும் நின்றபின் காலையில் பாட்டரியின் இரு முனைகளிலும் அளக்கவேண்டும். 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் இருந்தால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கே இருப்பு. இங்கு அரை வோல்ட் என்பது அற்பமன்று என்பதைக் கவனிக்க. குறைந்த நிலையிலேயே பல நாட்கள் கிடக்கும் பாட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் அது பழைய நிலைக்கு வாராது.

மூடியைத் திறக்கக்கூடிய பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளிலும் திரவத்தின் அடர்த்தியைப் பார்க்கலாம். ஆறும் ஒரே அளவில் குறைந்திருந்தால் சார்ஜ் போதவில்லை என்று பொருள். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அல்லது அதற்கு மேலும் தாழ்ந்திருந்தால் அவ்வறை கெட்டது. அப்பொழுதுதான் பாட்டரியின்மேல் குற்றம் சுமத்தலாம்.

இரண்டாவது, செல்ப் அடிக்கும்பொழுது அளக்கவேண்டும். நிறைந்த, நல்ல பாட்டரி அந்த நேரத்திலும் சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது.

மூன்றாவது, எஞ்சினைக் கிளப்பி மிதமான வேகத்தில் ஓடவிட்டு மீண்டும் அளக்கவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது முறை. எஞ்சின் நின்றிருந்தபோது காட்டிய அளவைவிட ஏறவேயில்லையாயின் வரவு இல்லை. 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு வரவு கட்டுக்கடங்காமற் போகிறது. பாட்டரியின் தண்ணீர் கொதித்து வற்றும், விளக்குகள் அடிக்கடி பியூஸ் போகும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிந்திய வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் கம்ப்யூட்டரே இவ்வளவைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. அவற்றில் ஒரு தடவை கண்ட எண்ணைக்கொண்டு முடிவு கட்டாமல், வண்டிக் கம்பெனியின் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நான்காவது சோதனையே மிக முக்கியமானது. பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் அதுவே. முன்விளக்குகள், காற்றாடி, துடைப்பான் யாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி அளக்கவேண்டும். அளவு சற்று இறங்கலாம்; ஆனால் 13.5-க்குக் கீழே போகுமாயின் விசாரிக்கவேண்டும். செலவு இல்லாத நாளில் பெட்டி நிறைந்திருப்பது பெரிதன்று. செலவு நாளில் வரவு ஈடுகொடுக்கிறதா என்பதே கேள்வி.

ஐந்தாவது, அப்படி இறங்கினால், விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முள்ளை ஆல்டர்னேட்டரின் பெரிய கம்பி பூட்டியிருக்கும் போல்ட்டிலும், மற்றொன்றைப் பாட்டரியின் கூட்டல் முனையிலும் வைக்கவேண்டும். வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டரே சொல்லிவிடும். 0.3 வோல்ட் வரை குற்றமில்லை. அவ்வாறே ஆல்டர்னேட்டரின் உடலிலும் பாட்டரியின் கழித்தல் முனையிலும் வைத்தால், 0.2-க்குள் இருக்கவேண்டும். மிகுந்தால் அந்த வழியில் எங்கோ தளர்ந்த, துருவேறிய இணைப்பு உள்ளது. வாய்க்காலில் உடைப்பு இருந்தால், கிணற்றில் எவ்வளவு இறைத்தும் கடைமடைக்கு நீர் சேராது என்பது பயிரிடுவோர் அறிந்ததே.

வழியில் குறையில்லாமல் ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலேயே அளவு தாழ்ந்திருந்தால், பெல்ட்டுக்கு அடுத்தபடியாக அதனுள் இருக்கும் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதை ஒரே திசையில் அனுப்பும் ஒருவழிக் கதவுகளாகச் சாதாரணமாக ஆறு டயோடுகள் உள்ளன. ஒன்று கெட்டாலும் வரவு குறையும். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏ.ஸி. அளவுக்குத் திருப்பிப் பாட்டரியில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது கெட்ட டயோடுக்கு அடையாளம். அது பழுதுபார்ப்போரின் வேலை. சங்கம் அறியவேண்டியது, பாட்டரியை மாற்றி இதைத் தீர்க்க இயலாது என்பதே.

எழுதாத செலவு

பகலில் எல்லாம் சரியாயிருந்தும் திங்கட்கிழமை காலையில் மட்டும் வண்டி கிளம்பாவிட்டால், இரவில் ஏதோ ஒன்று மின்சாரத்தை உண்கிறது. பெட்டியறையில் அணையாத 5 வாட் விளக்கு ஒன்று 0.4 ஆம்பியர் எடுக்கும். இரண்டு நாட்களில் அது ஏறக்குறைய 20 ஆம்பியர்-மணி ஆகும். 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் அது சரிபாதி!

இதைக் கண்டுபிடிக்க, சாவியை எடுத்துக் கதவுகளை மூடி அரை மணி நேரம் விட்டபின், பாட்டரியின் கழித்தல் முனைக்கும் அதன் கம்பிக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் இணைக்கவேண்டும். கம்பியைக் கழற்றி இணைத்ததனால் வண்டியின் கருவிகள் சில நேரம் விழித்தெழும். அவை அடங்கும்வரை பொறுத்தபின்னரே அளவைக் கொள்ளவேண்டும். பொதுவாக 0.05 ஆம்பியருக்குள் இருப்பது சரி. மிகுந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தப் பிரிவில் கசிவு உள்ளது. எதை எடுத்தும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு வழியாகவும் கசியலாம். மீட்டர் இவ்வாறு இணைந்திருக்கும்பொழுது எக்காரணத்தாலும் செல்ப் அடிக்கக்கூடாது, மீட்டர் கெட்டுவிடும்.

செய்யத்தகாதவை

எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் கம்பியைக் கழற்றி, ‘எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ சரி’ என்று கூறும் வழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. பழைய டைனமோக்களின் காலத்தில் எழுந்த வழக்கம் அது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1960-ஆம் ஆண்டின் வேலியன்ட் காரில் டயோடுகளுடன் கூடிய ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பின்னர் ஏனைய வண்டிகளிலும் அதுவே பரவியது. ஓட்டுநர்கள் இன்னும் டைனமோ என்றே அழைத்தாலும் உள்ளிருப்பது ஆல்டர்னேட்டரே. ஓடும்போது பாட்டரியைப் பிரித்தால் மின்னழுத்தம் திடீரென்று எகிறி டயோடுகளையும், ரெகுலேட்டரையும், இக்காலத்து வண்டியிலுள்ள கம்ப்யூட்டரையும் பாழாக்கக்கூடும். நல்லதைக் கெடுத்துவிட்டு, ‘கெட்டிருந்தது’ என்று பில் போடும் சோதனை அது. அதை அனுமதிக்கலாகாது.

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. கம்பிகளைக் கழற்றும்போது கழித்தல் முனையை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் செய்யவேண்டும். குறைந்த திரவத்திற்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றவேண்டும். அமிலத்தையோ கிணற்று நீரையோ ஊற்றலாகாது.

அச்சங்கத்தில் நிகழ்ந்தது

இனி அந்த வண்டிக்கு வருவோம். சங்கம் அமர்த்திய மின்சார வேலைக்காரர் நம் முன்னிலையில் அளந்தார். பாட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கின்றி அளந்தபோது 13.9 வோல்ட். குறை ஏதுமில்லை. ஒவ்வொரு பாட்டரியையும் விற்ற கடையில் செய்த சோதனையும் இத்துடன் நின்றிருக்கிறது. ‘டைனமோ நன்றாயிருக்கிறது, பாட்டரிதான் போயிற்று’ என்ற முடிவும் இதனால் வந்ததே.

ஓட்டுநர் ஒதுங்கி நின்றிருந்தார். நாம் கேட்டபின்னரே, “ஐயா, பகலில் ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்குக் கிளம்பி விளக்குப் போட்டு ஓட்டும்போதுதான் வெளிச்சம் மங்குகிறது. முன்னமே சொல்லியிருக்கிறேன்” என்றார். சொன்னது உண்மை, ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

விளக்கு, காற்றாடி யாவும் போடப்பட்டன. பாட்டரியில் அளவு 12.6-க்கு இறங்கியது. ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலோ 14.2 இருந்தது. இரண்டுக்கும் இடையே கூட்டல் கம்பியில் மட்டும் 1.5 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்திக் கம்பியின் நுனியைத் தொட்டபோது சுட்டது. அதன் உறையும் கருகியிருந்தது. நுனியிலுள்ள லக் சரியாகப் பிடிக்கப்படாமல் உள்ளே பச்சை பூத்திருந்தது. மின்சாரம் குறைவாகச் செல்லும்போது இழப்பும் குறைவு. ஆதலின் பகலில் தெரியவில்லை. விளக்குகள் எரிந்து மின்சாரம் மிகுந்தபோது இழப்பும் மிகுந்தது. விடியுமுன் ஓடும் வண்டிக்குப் பயணம் முழுதும் சார்ஜ் ஏறவேயில்லை. ஆல்டர்னேட்டர் வேலை செய்துகொண்டிருந்தமையால் சிவப்பு விளக்கும் எரியவில்லை.

இக்குறை எப்பொழுது உண்டாயிற்று என்பதையும் வவுச்சர்களே கூறின. முதற் பாட்டரி வாங்குவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் ஆல்டர்னேட்டரைக் கழற்றி பேரிங் மாற்றியதற்கு ஒரு பில் இருந்தது. கழற்றிப் பூட்டிய கையில்தான் அந்த லக் கெட்டிருக்கவேண்டும். இரு வவுச்சர்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருந்தும், அவற்றைச் சேர்த்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. முன்னைய தணிக்கையில் நாமும் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். தொகை சரி, கையொப்பம் சரி என்று மேலே சென்றுவிட்டோம்.

மேலும், இரண்டாவது பாட்டரியின் பில்லில் எழுதியிருந்த எண்ணையும், வண்டியிலிருந்த பாட்டரியின் மேல் பொறித்திருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றே. பாட்டரி மாற்றப்படவில்லை, ஓட்டுநர்மேல் கொண்ட சந்தேகத்திற்கு ஆதாரம் இல்லை. இதைப் பார்க்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை.

புதிய லக் வைத்துக் கம்பியின் நுனியைச் சீராக்க ஆன செலவு, ஒரு பாட்டரியின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பின்னர் எல்லா விளக்குகளுடனும் பாட்டரியில் 13.9 வோல்ட் நின்றது. இருந்த பாட்டரியையே மெதுவாகச் சார்ஜ் ஏற்றியதில் அது தேறிக்கொண்டது. நிகழ்ச்சி நிரலின் இரண்டு பொருள்களும் கைவிடப்பட்டன. ஓட்டுநரின் பேரில் கொண்ட ஐயம் ஆதாரமற்றது என்று கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படவேண்டுமென நாம் கேட்டுக்கொண்டோம், அவ்வாறே எழுதப்பட்டது. வாய்ச்சொல்லாகப் பரவிய பழி, எழுத்தினால் நீங்குவதே முறை.

சங்கங்கள் செய்யவேண்டுவது

வண்டியுள்ள ஒவ்வொரு சங்கமும் ஒரு பதிவேடு வைக்கட்டும். மாதத்தின் முதல் வேலை நாளில் மூன்று அளவுகளை எழுதவேண்டும்: எஞ்சின் கிளப்புமுன், கிளப்பியபின் விளக்கின்றி, கிளப்பியபின் எல்லா விளக்குகளுடன். மூன்றாவது எண் மாதந்தோறும் இறங்கிவந்தால், வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே பழுது தெரிந்துவிடும். ஓட்டுநர் சொல்லும் குறைகளைத் தேதியிட்டு அவர் சொன்ன சொற்களிலேயே பதியவேண்டும். பாட்டரி வாங்கினால் அதன் எண், வாங்கிய நாள், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதி, உத்தரவாதச் சீட்டை வவுச்சருடன் வைக்கவேண்டும். நாம் கூறிய சங்கத்தில் இரண்டு சீட்டுகளுமே காணப்படவில்லை. பழைய பாட்டரியில் ஈயம் இருப்பதால் அதற்கும் விலையுண்டு. அதைத் திருப்பிக் கொடுத்துப் பெற்ற தள்ளுபடி பில்லில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைக் குப்பையில் எறிவது நிலத்திற்கும் நீருக்கும் நஞ்சாகும். பழைய பாட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாட்டரிக்கு அனுமதி கோரும் குறிப்பு உங்கள் முன் வரும்பொழுது, விளக்குகளைப் போட்டு அளந்த எண் யாது என்று கேளுங்கள். அந்த எண் குறிப்பில் இல்லையாயின் குறிப்பைத் திருப்பி அனுப்புங்கள். செலவாவது அங்கத்தினர்களின் பணம். ஐயத்திற்குள்ளாவது சங்கத்திற்காக இரவில் கண்விழித்து வண்டி ஓட்டும் ஊழியரின் பெயர். இரண்டையும் காப்பது நம் கடமை.